ஸனது இல்லாத செய்தி

கடல் கடந்து சென்றவரிடமிருந்து மடல் வரும் நாளை எண்ணி வாழ்ந்த இல்லங்கள் தமிழ் முஸ்லிம்களிடையே மிகப் பல. ரங்கூன், பினாங்கு, கொழும்பு எனப் பொருள் தேடிப் போனவர்கள் எழுதிய கடிதங்கள் கப்பலேறி, நாள்கள் பல கழித்து ஊர் வந்து சேர்ந்தன. தமிழ் எழுத்து அறியாத நம் பாட்டிமார் பலர், மக்தபில் ஓதக் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே தமிழை எழுதினர். அரபுத் தமிழ் என்று நாம் பெருமையுடன் கூறும் அவ்வெழுத்து மார்க்கச் சட்ட நூல்களை மட்டும் சுமக்கவில்லை. ஆடு குட்டி ஈன்ற செய்தியையும், கூரை ஒழுகும் செய்தியையும், எப்போது வருவீர்கள் என்னும் கேள்வியையும் சுமந்தது. 1970களில் வளைகுடாப் பயணம் பெருகியபோது ஒலிநாடா வந்தது. விடுமுறையில் திரும்பும் நண்பரின் பெட்டியில், துணிமணிகளுக்கு இடையே ஒரு நாடா வந்து சேரும். டேப்ரிக்கார்டரைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து அத்தாவின் குரலைக் கேட்கும்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு இருந்தது. எழுதியவர் இன்னார் என்பதற்குக் கையெழுத்து சான்று. பேசியவர் இன்னார் என்பதற்குக் குரல் சான்று. கொண்டு வந்தவர் இன்னார் என்பது தெருவுக்கே தெரியும். இம்மரபின் வாரிசாக வந்து, அதன் உயிர்நாடியான அந்தச் சான்றையே அறுத்துவிட்ட ஒரு சாதனத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அதன் பெயர் வாட்ஸ்அப். புலனம் என்று அழகிய தமிழ்ப் பெயரும் சூட்டினர். மக்கள் நாவில் நின்றது முன்னதே.

இதனைத் தோற்றுவித்தவர் இருவர். ஒருவர் ஜான் கூம். 1976இல் அன்றைய சோவியத் ஆட்சியின் கீழிருந்த உக்ரைனில் பிறந்தவர். கீவ் நகரை அடுத்த சிற்றூரில் வளர்ந்தவர். தொலைபேசியில் பேசினால் அரசின் செவி அதில் இருக்கும் என்று அஞ்சி, வேண்டியதையும் பேசாதிருந்த பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளை அவர். 1992இல், பதினாறாம் வயதில், தாயுடனும் பாட்டியுடனும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குக் குடியேறினார். தாய் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். மகன் மளிகைக் கடையில் தரை கூட்டினார். ஏழைகளுக்கு அரசு தரும் உணவுச் சீட்டுக்காக அக்குடும்பம் வரிசையில் நின்றது. மற்றவர் பிரையன் ஆக்டன். இருவரும் யாஹூ நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பணிபுரிந்து, 2007இல் வெளியேறியவர்கள். ஆக்டன் 2009இல் ஃபேஸ்புக் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பின்னர் அதே நிறுவனம் அவர் வாசலுக்கு வந்த கதையை இதோ சொல்லுகிறேன்.

2009 பிப்ரவரி 24 அன்று கூம் இந்நிறுவனத்தைப் பதிவு செய்தார். அப்போது அது செய்தி அனுப்பும் கருவியே அன்று. ஒருவரின் பெயருக்கு அருகில் அவர் ஓய்வாக இருக்கிறாரா, வேலையில் இருக்கிறாரா என்று ஒரு வரி தெரியும், அவ்வளவே. அவ்வாண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசிகளில் உடனடி அறிவிப்பு வரும் வசதியைச் செய்தது. ஒருவர் தம் வரியை மாற்றியதும் நண்பர்களின் கைபேசியில் மணி ஒலித்தது. நண்பர்கள் அதற்கு மறுமொழியாகத் தம் வரியை மாற்றினர். இப்படி விளையாட்டுப் போல உரையாடல் பிறந்ததைக் கண்ட கூம், அதனையே தொழிலாக்கினார்.

இச்சாதனத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. இதில் சேர்வதற்குப் புதுப் பெயரோ கடவுச்சொல்லோ வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணே பெயர். கைபேசியில் நாம் குறித்துவைத்த எண்களே உறவு வட்டம். முகநூலில் ஊர் பேர் தெரியாதவரும் நண்பராகலாம். இங்கோ மாமனும் மச்சானும், பள்ளித் தோழனும், பக்கத்து வீட்டாரும் மட்டுமே இருந்தனர். ஆதலால் இதன் வழி வரும் செய்திக்கு, வீட்டுக் கடிதத்துக்கு நாம் அளித்த நம்பிக்கையை அளித்தோம். பின்னர் விளைந்த நன்மைக்கும் தீமைக்கும் வேர் இதுவே என்பது என் கருத்து.

2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் இதனை 1,900 கோடி டாலர் விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது பயன்படுத்தியோர் 45 கோடி பேர். பணியாளர்களோ ஐம்பத்தைந்து பேர்தாம். முன்பு உணவுச் சீட்டுக்காக வரிசையில் நின்ற அந்த அலுவலகக் கட்டடத்தின் வாசலுக்குச் சென்று, அதன் கதவில் தாளை வைத்துக் கூம் ஒப்பமிட்டார் என்பர். விளம்பரம் கூடாது என்னும் கொள்கையோடு தொடங்கிய அவ்விருவரும் புதிய உரிமையாளருடன் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. ஆக்டன் 2017இலும், கூம் 2018இலும் விலகினர்.

நம் நாட்டில் இது பரவிய வேகத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குறுஞ்செய்திக்குக் காசு, பண்டிகை நாள்களில் சலுகையும் செல்லாது. வாட்ஸ்அப்பிலோ பெருநாள் வாழ்த்து செலவின்றிச் சென்றது. 2013 ஆகஸ்டில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதி வந்தது. எழுதத் தெரியாத தாய் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் போதும், ஷார்ஜாவில் இருக்கும் மகன் பகல் உணவு இடைவேளையில் கேட்டுக்கொள்வான். பழைய ஒலிநாடா உயிர்பெற்று வந்தது போலிருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே நேரடியாகப் பேசுவது தடுக்கப்பட்டிருந்ததால், அங்குள்ள நம்மவர்க்கு இக்குரற்பதிவே பெருந்துணையாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இணைய வசதியை முதலில் இலவசமாகவும் பிறகு மலிவாகவும் அளிக்கத் தொடங்கியபின், கைபேசி இருக்கும் வீடெல்லாம் வாட்ஸ்அப் வீடாயிற்று. 2021இல் இந்திய அரசு தந்த கணக்கின்படி நம் நாட்டில் இதனைப் பயன்படுத்துவோர் 53 கோடி பேர்.

மஹல்லாக்களின் வாழ்விலும் இது புகுந்தது. ஜனாஸா அறிவிப்பு, இரத்தம் வேண்டுதல், ஏழைக் குமரின் திருமணத்துக்கு உதவி கேட்டல், மதரஸாப் பிள்ளைகளின் சேர்க்கை என எத்தனையோ நற்காரியங்கள் இதனால் எளிதாயின. இதனை மறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயலாகும்.

இச்சாதனத்தின் ஆற்றலை மதுரை நாட்டார் கண்முன் கண்ட ஆண்டு 2017. அவனியாபுரத்தைத் தை முதல் நாளின் ஜல்லிக்கட்டால் அறியாதார் தமிழகத்தில் இல்லை. மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்பது வரிசை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் பொங்கல்கள் வாடிவாசல் திறவாமல் கழிந்தன. அவ்விளையாட்டின் நலம் தீங்கு பற்றி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் கூடிய இளைஞர்களை மறுநாட் காலையில் காவல்துறை கைது செய்து அகற்றியது. அச்செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிற்று. சென்னை மெரீனாவில் அன்று காலை கூடிய சிறு கூட்டம் சில நாள்களில் இலட்சக்கணக்காயிற்று. மதுரையில் தமுக்கம் நிறைந்தது. வைகைப் பாலத்தின் மேல் இரயில் வண்டி நிறுத்தப்பட்டது. கட்சித் தலைவர் எவரும் அழைக்கவில்லை, சுவரொட்டி ஒட்டவில்லை. மெரீனாவில் விளக்குகள் அணைந்த இரவில் இளைஞர்கள் கைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்த காட்சி நாடெங்கும் பரவிற்று. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம். 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா. அதே 23ஆம் நாள் மெரீனாவில் கூட்டத்தைக் கலைத்தபோது வன்முறையும் நிகழ்ந்தது. பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தது. சட்டமன்றத்தின் அச்சட்டம் செல்லும் என 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நல்ல நோக்கத்தோடு மக்களைக் கூட்டிய அதே வழியில், ஓராண்டு கழிந்தபின், வேறொன்று வந்தது. 2018ஆம் ஆண்டின் கோடையில், வடநாட்டார் கும்பலாக வந்து பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று தமிழிலேயே பேசிய குரற்பதிவுகள் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் சுற்றின. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர் அருகே காரில் சென்றது. வழி கேட்க நின்ற இடத்தில், அறுபத்தைந்து வயது மூதாட்டி அங்கிருந்த சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் சூழ்ந்து அடித்தது. மூதாட்டி உயிரிழந்தார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் நாட்டுக் கிழவிகளின் சுபாவம். அது ஒருத்தியின் மரணத்துக்குக் காரணமாயிற்று. மகனுக்குத் தாயின் அன்பைக் கொண்டுபோன குரற்பதிவே இங்கும் கருவி என்பதை நேயர்கள் நோக்குவார்களாக.

அந்நாள்களில் நாடெங்கும் சுற்றிய காட்சிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். அவ்வளவில் படம் முடிகிறது. உண்மையில் அது கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பாதுகாக்குமாறு பெற்றோருக்கு அறிவுரை கூற எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவுரை எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவதோடு அது முடியும். அந்த முடிவை எவரோ வெட்டிவிட்டனர். ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தின் ரைன்பாடா கிராமத்தில் நாடோடிக் குலத்தைச் சார்ந்த ஐவர் இத்தகைய வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே அரசு நிறுவனத்தை வினவிற்று, நிறுவனமும் விழித்தது. பிறரிடமிருந்து வந்ததை மேலனுப்பினால் அதற்கு அடையாளம் காட்டும் குறி அம்மாதமே வந்தது. ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாது என்னும் வரம்பு முதலில் இந்தியாவுக்கும், 2019 ஜனவரியில் உலகுக்கும் வந்தது.

2020இன் வசந்தத்தை நம் குடும்பங்கள் மறக்கவியலாது. கொரோனா நோய் பரவத் தொடங்கிய மார்ச் மாதத்தில், டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தார் கூடியிருந்தனர். திரும்பியவர்களுள் சிலருக்கு நோய் கண்டது. தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தனர். அரசு அழைத்ததும் முன்வந்து சோதனை செய்துகொண்டோர் பலர். ஆனால் கைபேசிகளில் வந்ததோ வேறு. உணவு வீணாகாதிருக்கத் தட்டை வழித்துண்ணும் போஹ்ரா சமூகத்தாரின் பழைய காட்சி, நோய் பரப்பும் சதி என்று திரிக்கப்பட்டது. மும்பையில் விசாரணைக் கைதி ஒருவன் காவலர் மீது உமிழ்ந்த, முந்திய மாதத்துக் காட்சி, ஜமாஅத்தார் செயல் என்று சுற்றிற்று. பழக்கடைக்காரரின் பெயரைக் கேட்டுவிட்டுப் பழம் வாங்காது சென்றவர்கள் அந்நாள்களில் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்களுக்கு எதிராக நிகழ்ந்த பிரசாரத்தையும் கண்டித்தது. தீர்ப்பின் நகலை மேலனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பிறர் நமக்கு இழைத்ததைக் கூறினேன். நாம் செய்வதையும் கூறாவிடின் நீதியாகாது. ரமளான் பிறப்பதற்குச் சில நாள் முன்பு, அம்மாதத்தின் வருகையை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் விலக்கப்படும் என்று ஒரு செய்தி, நபிமொழி என்னும் பெயரில், ஆண்டு தவறாமல் வருகிறது. எந்த ஹதீஸ் தொகுப்பிலும் அதற்கு மூலமில்லை. தொழுகையாளிகளே அதனைப் பிறருக்கு அனுப்புகிறார்கள். பிறை பார்க்கும் இரவில் சென்ற ஆண்டுப் பிறையின் படம் இவ்வாண்டுப் பிறையாக வலம் வருகிறது. பிறைக்குச் சாட்சி கூறுபவர் தாமே கண்டிருக்க வேண்டும். யார் என்று அறியப்பட்டவராகவும் இருக்க வேண்டும். இதனை மக்தபுப் பிள்ளையும் அறியும்.

அரபு மதரஸாவில் ஓதியவன் என்னும் முறையில் இங்கே ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன். ஹதீஸ் கலைக்கு இரண்டு உறுப்புகள். செய்தியின் வாசகம் மத்னு. அது யார் வழியாக யாரை அடைந்து நம்மிடம் வந்தது என்னும் தொடர் ஸனது. ஓதி முடித்த மாணவர்க்கு மதரஸாக்கள் அளிக்கும் பட்டத்துக்கும் ஸனது என்றே பெயர். அவர் யாரிடம் ஓதினார் என்பதற்கு அது அத்தாட்சி. ஆதியில் இத்தொடரை எவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை என்றும், சமுதாயத்தில் குழப்பம் மூண்ட பின்னரே அறிவிப்பாளரின் பெயரைக் கேட்கத் தலைப்பட்டனர் என்றும் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் வாயிலான செய்தியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிந்துள்ளார்கள். பொய் பெருகியபோது நம் முன்னோர் வாய்களை அடைக்கவில்லை, பெயரைக் கேட்டார்கள். தொடரில் ஒருவர் விடுபட்டால் செய்தி பலவீனப்படும். ஒருவர் இன்னார் என்று அறியப்படாதவராயின் அவருக்கு மஜ்ஹூல் என்று பெயர்.

இவ்வளவுகோலால் அளந்தால், கைபேசியில் வரும் மேலனுப்புச் செய்தியின் நிலை விளங்கும். அது உங்கள் மச்சானின் பெயரோடு வருகிறது, ஆகவே நம்புகிறீர்கள். மச்சான் அதன் கடைசி அறிவிப்பாளர் மட்டுமே. அவருக்கு மேலே உள்ள அனைவரும் மஜ்ஹூல். என்னிடம் ஓதும் மாணவர்களை ஒருமுறை, தத்தம் வீட்டுக் கைபேசிக்கு வந்த ஒரு செய்தியின் ஸனதை எழுதி வரச் சொன்னேன். சளைக்காமல் விசாரித்தார்கள். எவரும் மூன்றாம் படியைத் தாண்டவில்லை. ஒரு பையனின் தொடர் சித்தப்பா, அவருடைய துபாய் அறைத்தோழர் என்று போய், 'ஏதோ ஒரு குரூப்' என்று முடிந்திருந்தது.

வியப்பு என்னவெனில், ஏறத்தாழ இதே யோசனை நம் மாநிலத்து நீதிமன்றத்திலும் எழுந்தது. சமூக வலைத்தளங்களைப் பற்றிய ஒரு வழக்கு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் 2019ஆம் ஆண்டு, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழி கூறினார்: ஒரு செய்தியை முதன்முதல் எழுதியவரின் அடையாளத்தை அச்செய்தியோடு ஒட்டியே அனுப்பலாம் என்பது அது. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதனை மறுத்தார். பின்னர் அவ்விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மாறிற்று. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வகுத்த தகவல் தொழில்நுட்ப விதிகள், சட்டப்படி ஆணை வரின், முதலில் எழுதியவரைக் காட்டித் தரவேண்டும் என்றன. அவ்வாண்டு மே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2016 ஏப்ரல் முதல் அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி, நிறுவனமே படிக்கவியலாத மறையீட்டில் செய்திகள் செல்கின்றன. முதலில் எழுதியவரைக் காட்டவேண்டுமாயின் எல்லாருடைய அந்தரங்கமும் உடையும் என்பது அதன் வாதம். மறையீட்டை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இந்நாட்டிலிருந்து போய்விடும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கூறினார்.

ஹதீஸ் கலையைப் போற்றுபவன் அரசின் பக்கம் நிற்பான் என்று சிலர் எதிர்பார்க்கலாம். நான் நிற்கவில்லை. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கக் கட்டளையிடும் அதே ஹுஜுராத் அத்தியாயத்தில்தான், பிறருடைய மறைவைத் துருவி ஆராய்வதற்கும் தடை வந்துள்ளது. ஆறாம் வசனம் அது. பன்னிரண்டாம் வசனம் இது. ஸனது என்பது அறிவிப்பவர் தாமே முன்வந்து, நான் இன்னாரிடம் கேட்டேன் என்று கூறும் பொறுப்பு. காவலர் பின்னிருந்து தொடர்ந்து வந்து கண்டுபிடிப்பது அன்று. தொலைபேசியில் பேச அஞ்சிய பெற்றோரிடம் வளர்ந்தவர் இத்தகைய பூட்டை விரும்பியதில் எனக்கு வியப்பில்லை. அமீரகத்தில் இருக்கும் கணவனுக்கு மனைவி அனுப்பும் குரலுக்கும் அப்பூட்டு வேண்டும். பூட்டு இருக்கும்போதே, அனுப்பும் கை தன் பெயரையும், தனக்குச் சொன்னவர் பெயரையும் எழுதுவதை எந்தப் பொறியும் தடுக்கவில்லை.

பொறிக்குள்ளேயே செய்யத்தக்கதும் உண்டு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வரம்பு வந்தது. அத்தகைய செய்திகள் எழுபது விழுக்காடு குறைந்தன என நிறுவனம் அறிவித்தது. விரலுக்குச் சற்றே சிரமம் கொடுத்ததும் அத்தனை பேரின் ஆர்வம் தணிந்துவிட்டது என்றால், அந்த ஆர்வத்தின் எடை எவ்வளவு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் உயிரோடு இருந்த ஒரு பெரியவருக்கு மௌத் அறிவிப்பு வந்து, உறவினர் அழுதுகொண்டே வந்து இறங்கினர். வாசலில் அவரே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, ஜனாஸாச் செய்தி அனுப்புபவர் தம் பெயரையும், மையித்து வீட்டில் தமக்குச் சொன்னவரின் பெயரையும் கீழே குறிக்க வேண்டும் என்று மஹல்லாவில் ஒரு வழக்கம் வந்தது. பெரும்பாலோர் அதனைக் கடைப்பிடிக்கிறார்கள். ஏனைய செய்திகளுக்கு அவ்வழக்கம் இன்னும் வரவில்லை.